ஆலயத்தில் குழந்தைக்கு ஓர் இடம்

ஒரு வீட்டின் அமைப்பைக் கண்டே அவ்வீட்டாரின் உள்ளத்தை ஓரளவு அறிந்துகொள்ளலாம். திண்ணையுள்ள வீடு வழிப்போக்கனை வாவென்று அழைக்கின்றது. உயர்ந்த மதிலும் பூட்டிய படலையும் உள்ள வீடு நீ யாரென்று வினவுகின்றது. வழிபாட்டு இல்லங்களும் இவ்வாறே பேசுகின்றன. அவற்றின் பேச்சைப் பெரியவர்களிலும் பார்க்கச் சிறுவர்கள் விரைவில் விளங்கிக்கொள்கின்றனர்.

ஞாயிறு காலை வழிபாட்டு வேளையில் நம் நாட்டுக் கிறித்தவ ஆலயம் ஒன்றினுட் சென்று, கைக்குழந்தையோடு வந்த குடும்பங்கள் எங்கே அமர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் கடைசி வாங்கிலே, வாசலுக்கு அண்மையிலேதான் இருப்பர். குழந்தை சிணுங்கத் தொடங்கியதும் தாய் எழுந்து விறாந்தைக்குச் செல்வாள். வழிபாடு முடியும்வரை பிள்ளையைத் தோளிற் சாய்த்தபடி மரநிழலில் உலாவிக்கொண்டிருப்பாள். சில மாதங்கள் இவ்வாறு கழிந்தபின், “பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பிறகு போவோம்” என்று வீட்டில் நின்றுவிடுவாள். பிள்ளை வளர்ந்துவிடும், ஆனால் அதற்கு ஆலயப் பழக்கம் இராது.

அவளை வெளியே போவென்று எவரும் சொல்லவில்லை. வாங்கும் படியும் எதிரொலிக்கும் சுவரும் அதைச் சொல்லிவிட்டன. ஆகவே ஆலயத்தின் உள்ளமைப்பு என்பது அழகுக்கலை சார்ந்த வினா மட்டுமன்று. அடுத்த தலைமுறை உள்ளே இருக்குமா, வெளியே நிற்குமா என்ற வினாவும் அதனுள் அடங்கியிருக்கின்றது. இதனை நாம் இங்கே சற்று ஆராய்வோம்.

வாங்குகள் வந்த கதை

நிரை நிரையாக இடப்பட்ட நீண்ட வாங்குகள் இல்லாத ஆலயத்தை நம்மிற் பலரால் எண்ணிப்பார்க்கவும் முடிவதில்லை. கிறித்தவ சமயம் தோன்றிய நாள் முதல் அவை இருந்துவருகின்றன என்றே நினைக்கின்றோம். வரலாறு வேறுவிதமாகக் கூறுகின்றது.

சிரியா நாட்டிலே, யூப்பிரட்டீஸ் நதிக்கரையில், தூரா யூரோப்பொஸ் என்ற பழைய நகரத்தை அகழ்ந்தவர்கள் 1930களின் தொடக்கத்தில் ஒரு வீட்டைக் கண்டெடுத்தனர். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் சற்று முன்னர், அவ்வீட்டின் இரண்டு அறைகளுக்கு இடையேயிருந்த சுவர் நீக்கப்பட்டு, ஒரு வழிபாட்டுக் கூடம் ஆக்கப்பட்டிருந்தது. வேறோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டியும், அதன் மேலே ஆட்டைத் தோளிற் சுமந்த நல்ல மேய்ப்பரின் ஓவியமும் இருந்தன. நாம் அறிந்த மிகப் பழைய கிறித்தவ வழிபாட்டு இடங்களுள் ஒன்று, குடும்பம் வாழ்ந்த ஒரு வீடாகவே இருந்தது என்பது நம் சிந்தனைக்குரியது. ஆலயத்தின் உள்ளமைப்பைத் தேவைக்கேற்ப மாற்றுதல் புதுமையன்று; ஒரு சுவரை இடித்தே அது தொடங்கியிருக்கின்றது.

பின்னர்ப் பெரிய ஆலயங்கள் எழுந்தன. ஆயினும் மத்திய கால ஐரோப்பாவில் மக்கள் கூடும் நடுமண்டபம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. நின்றும் முழந்தாளிட்டும் வழிபட்டனர். முதியோரும் நோயாளரும் சுவரோரமாக அமைந்த கல்லாசனங்களில் இருந்தனர். இன்றும் கீழைத் திருச்சபையின் மரபுவழி ஆலயங்கள் பலவற்றில் வாங்குகள் இல்லை. அங்கே சிறுவர்கள் பெரியவர்களுக்கு இடையே நடந்துசென்று திருவுருவப் படங்களை முத்தமிடுவர், மெழுகுவர்த்தி ஏற்றுவர். நம் சைவக் கோயில்களிலும் பிள்ளை தகப்பனின் தோளில் ஏறியிருந்து தீபாராதனை காண்கின்றது, வீதி சுற்றுகின்றது, மணியோசைக்குத் திரும்பிப் பார்க்கின்றது. ஒரு மணி நேரம் அசையாது இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை.

பதினாறாம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தம் தோன்றிய நாடுகளிலே பிரசங்கம் வழிபாட்டின் நடுநாயகமாயிற்று. நீண்ட நேரம் செவிமடுக்க வேண்டியவர்களுக்கு இருக்கைகள் வேண்டுமல்லவா? வாங்குகள் எங்கும் பரவின. இங்கிலாந்திலே வசதிபடைத்த குடும்பங்கள் கதவுடன் கூடிய உயர்ந்த மரக்கூண்டுகளைத் தமக்கென அமைத்துக்கொண்டன. இருக்கைகளுக்கு வாடகை வாங்கும் வழக்கமும் பல இடங்களிற் பெருகியது. குடும்பம் ஒன்றாக இருந்தது என்பது அக்கூண்டின் நன்மை. ஆனால் உள்ளே இருந்த சிறுபிள்ளைக்கு நாற்புறமும் பலகையே தென்பட்டது. வாடகை செலுத்த இயலாத ஏழைக் குடும்பத்துக்கோ எஞ்சிய இடமே கிடைத்தது.

இந்நிலையை மாற்ற 1818ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சங்கம் தோன்றி, கட்டணமில்லா இருக்கைகள் உள்ள ஆலயங்களைக் கட்ட உதவியது. 1839இல் கேம்பிறிச்சில் உருவான மற்றொரு சங்கம் கூண்டுகளை ஒழிக்கவேண்டுமென்று வலியுறுத்தியது. அவற்றை அகற்றிய இடங்களிலேதான், எல்லோரும் முன்னோக்கி இருக்கும் திறந்த வாங்குகளின் நிரைகள் பெருமளவில் வந்தன. நாம் தொன்றுதொட்டு வந்தது என எண்ணும் காட்சி, பல ஆலயங்களைப் பொறுத்தவரை, விக்டோரியா மகாராணியார் காலத்துப் புதுமையே. ஒரு தலைமுறை தன் தேவை கண்டு அமைத்ததை இன்னொரு தலைமுறை தன் தேவை கண்டு மாற்றுதலில் தவறில்லை. நம் நாட்டிலும் பாய் விரித்து நிலத்திலமர்ந்து வழிபட்ட காலத்தை முதியோர் நினைவுகூர்வர். அக்காலத்தில் உறக்கம் வந்த பிள்ளை தாயின் அருகே அப்பாயிலேயே படுத்துறங்கியது.

தனியறையா, ஒரே கூடமா?

பிள்ளைகளுக்கென ஆலயம் என்ன செய்தது என்று நோக்குவோமாயின், முதலில் நினைவுக்கு வருவது ஓய்வுநாட் பாடசாலை. 1780ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் குளொஸ்ரர் நகரில், வாரத்தில் ஆறு நாளும் வேலைசெய்து ஞாயிறன்று தெருவில் அலைந்த ஏழைச் சிறுவருக்காக றொபேட் றேய்க்ஸ் என்ற பத்திரிகையாளர் அதனைத் தொடக்கினார். அம்முயற்சி கடல் கடந்து பரவியது.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்கிறன் நகரிலே இது கட்டிடக்கலையையும் மாற்றியது. லூயிஸ் மில்லர் என்பவர் வேளாண் கருவிகளைப் புதிதாகக் கண்டுபிடித்த கைத்தொழிலதிபர். பிற்காலத்தில் தோமஸ் எடிசனுக்கு மாமனாரானவர். அவர் தம் மெதடிஸ்த ஆலயத்துக்கு ஒரு புதுவகைக் கட்டிடத்தை எண்ணினார். நடுவிலே ஒரு பெரிய கூடம். அதைச் சுற்றி அரைவட்டமாக, இரண்டு தளங்களிற் சிறு வகுப்பறைகள். கதவுகளைத் திறந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தலைவரைக் காண்பர். மூடினால் ஒவ்வொரு வகுப்பும் தனியாகும். 1870இல் நிறைவெய்திய இக்கட்டிடத்தின் மாதிரியில் அமெரிக்காவெங்கும் ஏராளமான ஆலயங்கள் எழுந்தன. 1872 முதல் எல்லா வயதினருக்கும் ஒரே பாடம் என்ற முறை வந்தமையும் இவ்வமைப்புக்கு ஏற்றதாயிற்று. பின்னர் வயதுக்கேற்ற பாடங்கள் வந்தன. எல்லாரும் ஒன்றாகக் கூடும் தேவை குறைந்ததும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கட்டிடமுறை வழக்கொழிந்தது.

இவ்வரலாறு இரண்டு பாடங்களைத் தருகின்றது. சிறுவருக்காகச் செலவுசெய்யத் துணிந்த ஆலயங்கள் முன்னரே இருந்தன என்பது ஒன்று. அச்செலவு பெரும்பாலும் அவர்களை வேறிடத்தில் அமர்த்தவே உதவியது என்பது மற்றொன்று. வகுப்பறையில் வளர்ந்த பிள்ளைக்குப் பாடம் தெரியும்; பெரியவர்கள் கூடி வழிபடும் மண்டபமோ அந்நியமாகவே இருக்கும். பதினைந்து வயதில் வகுப்பு முடிந்ததும் பலர் ஆலயத்தை விட்டு அகல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் அல்லவா?

இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே அமெரிக்க ஆலயங்கள் பலவற்றில் கண்ணாடிச் சுவரிட்ட சிற்றறைகள் வந்தன. அழும் குழந்தையோடு தாய் அங்கே இருந்து, கண்ணாடியினூடாகப் பீடத்தைக் காண்பாள். ஒலிபெருக்கியினூடாகப் பிரசங்கத்தைக் கேட்பாள். பாலூட்டவும் குழந்தையை உறங்கவைக்கவும் இத்தகைய அறை பேருதவியாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு இது எதனைக் கற்பிக்கின்றது? உள்ளே நிகழ்வது தனக்குரியதன்று, தூரத்தே இருந்து பார்க்கும் காட்சி என்பதையே கற்பிக்கின்றது. அறை இருக்கட்டும், அது இளைப்பாறும் இடமாக இருக்கட்டும். ஒதுக்கிவைக்கும் இடமாக ஆகாதிருப்பதே முக்கியம்.

ஒரு மீற்றர் உயரத்திலிருந்து பார்த்தால்

பிள்ளையின் அளவிலே உலகை அமைத்துக் காட்டிய பெருமை மரியா மொண்டிசோரி அம்மையாருக்கு உரியது. 1907ஆம் ஆண்டு உரோமாபுரியின் ஏழைப் பகுதியொன்றில் அவர் திறந்த குழந்தைகள் இல்லத்திலே, பிள்ளைகள் தாமே தூக்கக்கூடிய கதிரைகளும், அவர்கள் கைக்கெட்டும் அலுமாரிகளும் இருந்தன. 1915ஆம் ஆண்டளவில் பார்சலோனா நகரிலே, அதே முறையில் சிறுவருக்கென ஒரு சிற்றாலயத்தையும் அவர் அமைக்கச் செய்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னை அடையாற்றில் தங்கியிருந்த அம்மையார், 1944இல் நம் இலங்கைக்கும் வந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவர் பெயர் தாங்கிய சிறுவர் பாடசாலை இல்லாத ஊர் நம் நாட்டில் அரிது. எனினும் அவர் கருத்து பாடசாலைப் படலையைத் தாண்டி ஆலயப் படியேறியதா என்று கேட்டால், விடை கூறத் தயங்கவே வேண்டியிருக்கின்றது.

1954இல் உரோமாபுரியிலே, சோபியா கவலெற்றி என்ற வேதாகம அறிஞரும், மொண்டிசோரி முறையிற் பயின்ற ஜியான்னா கொப்பி என்ற ஆசிரியையும் இக்கருத்தை மறைக்கல்வியில் வளர்த்தனர். அவர்கள் அமைத்த அறையிலே சிறிய பீடம், சிறிய பாத்திரங்கள், மரத்தாற் செய்த மேய்ப்பனும் ஆடுகளும் இருந்தன. பிள்ளைகள் அவற்றைக் கையாலெடுத்து, மெல்ல நகர்த்தி, தாமாகவே சிந்தித்தனர். அம்முறை இன்று பல நாடுகளில் வழங்குகின்றது. விளையாட்டுப் பொருள் கொடுத்து வாயடைப்பதற்கும், வழிபாட்டின் பொருளைப் பிள்ளையின் கையில் ஒப்படைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு பெண்மணிகளும் நன்கு உணர்ந்திருந்தனர்.

இப்பொழுது நம் ஆலயத்து வாங்கை அளந்து பார்ப்போம். அதன் இருக்கை நிலத்திலிருந்து ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் உயரம். நான்கு வயதுப் பிள்ளையின் முழு உயரமே ஏறத்தாழ ஒரு மீற்றர். அவ்வளவு உயரமுள்ள பிள்ளைக்கு 26 சென்ரிமீற்றர் உயரமான இருக்கையே ஏற்றது என்பது ஐரோப்பியப் பாடசாலைத் தளபாட நியமம். ஆகவே நம் வாங்கிலே அப்பிள்ளையின் கால்கள் நிலத்தைத் தொடா, தொங்கிக்கொண்டிருக்கும். தொங்கும் கால்கள் ஆடும். ஆடும் கால்கள் முன் வாங்கை உதைக்கும். உதை விழுந்ததும் பின்னாலிருந்து ஒரு முறைப்பு வரும். அதன் கண்களுக்கு எதிரே இருப்பவை முன்னே அமர்ந்தோரின் முதுகுகள் மாத்திரமே. பெரியவர்களாகிய நாம் ஒரு மணி நேரம் கால் தொங்க உயரமான மேசையொன்றில் அமர்ந்து, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு, புரியாத மொழியிற் பேச்சைக் கேட்போமாயின் எவ்வளவு அமைதியாக இருப்போம்? பிள்ளையின் குழப்படி எனப்படுவதிற் பாதி தச்சனின் கணக்கில் எழுதப்படவேண்டியது.

பீடம் அருகே வந்தது

பெரியவர்களின் வழிபாட்டிலும் இதே வினா எழுந்தது. 1928ஆம் ஆண்டில் ஜெர்மனியின் றொத்தென்பெல்ஸ் கோட்டையிலே, உறோமானோ குவார்தீனி என்ற இறையியலாளரும் உறூடோல்ப் சுவாற்ஸ் என்ற கட்டிடக் கலைஞரும் பழைய மண்டபமொன்றை வெண்மையான வெற்றிடமாக்கினர். எளிய சிறு ஆசனங்கள் மட்டும் அங்கே இருந்தன. அவற்றை வேண்டியபடி நகர்த்தி, பீடத்தை மூன்று பக்கத்திலும் சூழ்ந்து அமர்ந்தனர். 1960இல் கிழக்கு இலண்டனில் எழுந்த பரிசுத்த பவுல் ஆலயமும், 1967இல் லிவர்பூலில் திறக்கப்பட்ட வட்டவடிவமான கத்தோலிக்கப் பேராலயமும் மக்களைப் பீடத்தைச் சூழ இருக்கச் செய்தன.

1963 டிசெம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம், ஆலயங்கள் கட்டப்படும்போது மக்கள் வழிபாட்டில் முழுமையாகப் பங்குகொள்ளுதற்கு அவை ஏற்றனவாக அமையவேண்டும் என்றது. 1964இல் வந்த அறிவுறுத்தலோ, சுற்றிவரக் கூடியதாகவும் குருவானவர் மக்களை நோக்கி நிற்கக் கூடியதாகவும் பீடத்தைச் சுவரிலிருந்து விலக்கி அமைத்தலே நன்று என்றது. உலகெங்கும் பீடங்கள் முன்னே வந்தன. 1973 நவம்பரில் சிறுவர் திருப்பலிக்கான வழிகாட்டி நூலொன்றையும் உரோமாபுரி வெளியிட்டது. பிள்ளைகள் சுதந்திரமாக இயங்கக்கூடிய இடத்தை ஆலயத்தினுள்ளே தெரிந்தெடுக்குமாறு அது கூறுகின்றது. வாசகப் பகுதியின்போது சிறுவரை அருகிலுள்ள வேறோர் இடத்துக்கு அழைத்துச் சென்று, பின்னர்ப் பெரியவர்களோடு சேர்த்துவிடலாம் எனவும் அது காட்டுகின்றது. பிரிவும் உண்டு, சேர்க்கையும் உண்டு, சேர்க்கையே முடிவு. தனியறையா, ஒரே கூடமா என்ற வினாவுக்கு இதனை நல்ல விடையென்று நாம் கருதுகின்றோம்.

ஆயினும் பீடம் முன்னே வந்ததே ஒழிய, நம்மூர்களிற் பிள்ளைகள் பின்னேயே நின்றுவிட்டனர். பீடத்துக்கும் குழந்தைக்கும் இடையே இருபது வாங்குகள் அப்படியே இருக்கின்றன.

பிற நாடுகளின் இன்றைய முயற்சிகள்

இங்கிலாந்திலே, போட்ஸ்மத் நகருக்கு அண்மையிலுள்ள கவுபிளேன் என்னும் ஊரின் அங்கிலிக்கன் ஆலயத்தில் 2004ஆம் ஆண்டு ஒரு முயற்சி தோன்றியது. பெற்றோரும் பிள்ளைகளும் கூடிக் கைவேலை செய்து, வழிபட்டு, ஒன்றாக உணவருந்தினர். பசையும் வண்ணமும் சிந்தும் இக்கூட்டம் பின்னர்ப் பல நாடுகளில் பரவியுள்ளது. இதற்கு வேண்டியது நகர்த்தக்கூடிய மேசையும் கதிரையும், கழுவக்கூடிய தரையுமே. நிலத்தோடு பிணைத்த வாங்குகள் உள்ள இடத்தில் இது நிகழ்தல் அரிது.

அமெரிக்காவின் மினசோற்றா முதலிய மாநிலங்களில் லூத்தரன் ஆலயங்கள் சில, கடந்த பத்தாண்டுகளாக வேறொரு வழியைக் கையாள்கின்றன. முன் நிரை வாங்குகள் சிலவற்றை அகற்றி, அவ்விடத்திலே பாய் விரித்து, சிறு மேசை, வண்ணப் பென்சில், துணிப்பொம்மை முதலியவற்றை வைத்துள்ளன. பிள்ளைகள் அங்கே பெற்றோருடன் இருக்கின்றனர். குருவானவரின் கைகள் செய்வதையும், பாடுவோரின் வாய்கள் அசைவதையும் அவர்கள் மிக அருகிற் காண்கின்றனர். கடைசி வாங்குக்குத் தள்ளப்பட்டோரை முதல் வாங்குக்கு அழைத்ததே இம்முயற்சியின் சிறப்பு.

பழைய கட்டிடங்களை மாற்றுதல் எளிதன்று என்பதற்கும் சான்றுண்டு. இங்கிலாந்தின் பாத் பேராலயத்திலே, தரைக்குக் கீழே பல நூற்றாண்டுகளாக ஆயிரக்கணக்கானோர் அடக்கஞ் செய்யப்பட்டிருந்தமையால் தளம் உள்ளிறங்கத் தொடங்கியது. 2018இல் ஆரம்பித்த பெரும் திருத்தப்பணியில் தளம் உறுதியாக்கப்பட்டது. விக்டோரியா காலத்து வாங்குகளை நிரந்தரமாக அகற்றும் திட்டத்தையோ, அக்காலக் கலையைப் பேணும் சங்கத்தார் எதிர்த்தனர். வழக்குத் திருச்சபை நீதிமன்றம்வரை சென்று, அனுமதி கிடைத்த பின்னரே மாற்றம் நிகழ்ந்தது. அங்கே அனுமதியின்றி ஆலயத் தளபாடத்தை அகற்ற இயலாது. நம் நாட்டிலும் ஒல்லாந்தர் காலத்து ஆலயங்கள் இருக்கின்றன. கொழும்பு வுல்வெண்டால் ஆலயம் 1757ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் அவசரப்பட்டுக் கைவைத்தல் ஆகாது. முன்னோர் தச்சுவேலையும் நமக்கு ஒரு முதுசொம்மே.

கண்ணாற் கற்றல்

எழுத்தறியாப் பிள்ளைக்குச் சுவரே புத்தகம். கண்டியிலுள்ள திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தைப் பார்த்தவர்கள் இதனை உணர்வர். 1923இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1935இல் அர்ச்சிக்கப்பட்ட அவ்வாலயத்தைக் காஸ்ரர் என்ற குருவானவர் நம் நாட்டு மரபைத் தழுவி வடிவமைத்தார். பக்கச் சுவர்களின்றிச் செதுக்கிய கற்றூண்களோடு திறந்து நிற்கும் அம்மண்டபத்திலே காற்றும் வெளிச்சமும் தடையின்றி வருகின்றன. டேவிட் பெயின்ரர் அங்கே தீட்டிய சுவரோவியங்களில் வேதாகம நிகழ்ச்சிகள் இலங்கை முகங்களோடும் இந்நாட்டு மரஞ்செடிகளோடும் காட்சியளிக்கின்றன. தன் ஊர் முகத்தைச் சுவரிற் காணும் பிள்ளை, இவ்விடம் தனக்கும் உரியதென எவரும் சொல்லாமலே உணர்கின்றது.

நம் ஆலயங்களிலுள்ள படங்களும் சுரூபங்களும் பெரும்பாலும் உயரத்திலேயே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிரண்டையேனும் பிள்ளையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்தாலென்ன? ஞானஸ்நானத் தொட்டியை மூலையிலிருந்து எடுத்து, அருகே ஒரு சிறு படி வைத்தால், புதிய குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது மற்றப் பிள்ளைகள் ஏறி நின்று பார்க்கலாம்.

நம்மால் இயல்வது

பெரும் பணமின்றி, ஒரு சனிக்கிழமைப் பின்னேரத்திற் செய்யக்கூடியவை பல உள. அவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

முதலாவதாக, ஆலயக் குழுவினர் தரையில் முழந்தாளிட்டு, ஒரு மீற்றர் உயரத்திலிருந்து வாசல் தொடங்கிப் பீடம்வரை பார்த்துவரவேண்டும். கூட்டத்திற் பேசி முடியாத பல விடயங்கள் அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இரண்டாவதாக, முன் நிரையில் ஒரு பக்கத்து வாங்குகள் இரண்டை நீக்கிப் பனையோலைப் பாய் விரிக்கலாம். வெறும் சீமெந்துத் தரையும் கற்சுவரும் ஒலியைத் திருப்பியடிப்பதனாலேயே ஒரு குழந்தையின் அழுகை பத்துக் குழந்தைகளின் அழுகைபோற் கேட்கின்றது. பாயும் தடித்த திரைச்சீலையும் அவ்வொலியை ஓரளவு உண்டுவிடும். பாயருகே ஒரு தாழ்ந்த தட்டில் வேதாகமப் படக்கதைப் புத்தகங்கள், துணியாலான விலங்குகள், கடதாசி, வண்ணப் பென்சில் ஆகியவை இருக்கட்டும். ஓசையெழுப்பும் பொருள் வேண்டாம். வாங்கிலேயே இருக்க விரும்பும் பிள்ளைக்குக் காலூன்ற ஒரு சிறு பலகை போதும்.

மூன்றாவதாக, வெப்பத்தை மறத்தலாகாது. நம் நாட்டிலே குழந்தை அழுவதற்குப் புழுக்கமே பெருங் காரணம். குடும்பங்கள் இருக்கும் பக்கத்து யன்னல்கள் திறக்கின்றனவா, மின்விசிறியின் காற்று அங்கே படுகின்றதா, குடிதண்ணீர் அருகே உண்டா, மலசலகூடத்துக்கு எவ்வளவு தூரம் என்பனவற்றை ஆராயவேண்டும். வாசற் படியருகே ஒரு சாய்தளம் அமைத்தால், குழந்தை வண்டிக்கும் முதியோரின் சக்கர நாற்காலிக்கும் அதுவே வழியாகும்.

நான்காவதாகப் பாதுகாப்பு. பாரமான குத்துவிளக்கும் மெழுகுவர்த்தித் தண்டும் கவிழாதபடி இருக்கவேண்டும். மின் இணைப்புகள் மூடப்பட்டிருக்கவேண்டும். சிறுவர் வகுப்பறைகளின் கதவிலே கண்ணாடி பொருத்தப்படல் மிக அவசியம். பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர் எவராயினும், வெளியே செல்வோர் காணும்படியாகவே இருக்கவேண்டும். இவ்விடயத்தில் முகத்தாட்சணியம் பாராட்டுதல் பெருந் தவறாகும்.

மாற்றம் எதுவாயினும் மூன்று மாதம் பரீட்சித்துப் பார்த்த பின்னரே நிரந்தரமாக்குதல் நன்று. ஆணி அறையாத மாற்றத்தை மீளப்பெறுதல் எளிது. அகற்றிய வாங்கை விற்றுவிடாது, படமெடுத்துப் பதிவுசெய்து, விறாந்தையில் வைத்தால் முதியோரின் மனமும் நோகாது.

மௌனத்தை விரும்புவோருக்கு

இவற்றுக்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு, அது புறக்கணிக்கத்தக்கதன்று. வாரம் முழுவதும் ஓசையிலும் கவலையிலும் உழன்றவர், துணையை இழந்து தனித்திருப்பவர், நோயுற்றவர் ஆகியோர் ஆலயத்தில் அமைதியைத் தேடி வருகின்றனர். அவர்களுக்கு அது கிட்டவேண்டாமா?

கிட்டவே வேண்டும். அதனாற்றான் நாம் இடஒழுங்கைப் பற்றிப் பேசுகின்றோம். பிள்ளைகளுக்கு ஓர் இடம் தெளிவாக அமைந்தால், அமைதியை விரும்புவோருக்கும் ஓர் இடம் தானாகவே அமைந்துவிடும். இன்று இரு சாராரும் ஒரே வாங்கில் நெருங்கி இருந்து ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள முயல்கின்றனர், இருவருக்கும் அமைதியில்லை. மேலும், நிகழ்வது கண்ணுக்குத் தெரிந்தால் பிள்ளை தானே அடங்கும். அப்பம் உயர்த்தப்படுவதையோ தண்ணீர் வார்க்கப்படுவதையோ அண்மையிலிருந்து காணும் பிள்ளை வாய்மூடி வியந்து நோக்கும். அந்த மௌனம் முறைத்துப் பெற்ற மௌனத்திலும் மேலானது.

சீடர்கள் தடுத்த பிள்ளைகளை இயேசுநாதர் அருகே அழைத்து, தடுத்தவர்களைக் கடிந்துகொண்டார் என்று சுவிசேஷம் கூறுகின்றது. அச்சீடர்கள் கொடியவர்களல்லர், குருவின் நேரத்தையும் ஒழுங்கையும் காக்க முயன்ற நல்லவர்களே. நம் ஆலயங்களிலும் பிள்ளைகளைத் தடுப்பவை பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட நல்ல வாங்குகளும் நல்ல படிகளுந்தான்.

அடுத்த ஆலயக் குழுக் கூட்டத்திலே கணக்கறிக்கை வாசித்து முடிந்தபின், இளந் தாய்மார் இருவரையும் பத்து வயதுப் பிள்ளைகள் இருவரையும் அழைத்து, “நீங்கள் எங்கே இருக்க விரும்புகின்றீர்கள்?” என்று கேட்டுப்பாருங்கள். அவர்கள் சொல்லும் விடையை எழுதிக்கொண்டு, பிறகு தச்சனை அழையுங்கள்.